முகூர்த்தத்துக்கு முன்னால் மூடிய வால்வு

கல்யாண வீடுகளில் எத்தனையோ சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். ரசம் ஆறிப்போயிற்று என்று ஒரு சண்டை. பத்திரிகையில் பெயரை இரண்டாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு சண்டை. ஆனால், ஒரு தண்ணீர் வால்வை மூடியதற்காக மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கல்யாணத்தை... போன மாதம்தான் முதல் முறையாகப் பார்த்தேன்.

பார்த்தேன் என்ன? பஸ்ஸில் ஏறியவர்களில் நானும் ஒருவன். ஜன்னலோர சீட்!

எங்கள் பக்கத்து வீட்டு சரஸ்வதி அக்காவின் மகனுக்குக் கல்யாணம். பெண் வீடு தாராபுரத்துக்கு அந்தப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு ரொம்ப தூரம் உள்ளே போக வேண்டிய கிராமம். கோயமுத்தூரிலிருந்து ஒரு பஸ், பின்னால் இரண்டு கார். வழி நெடுகக் கிளுவை வேலி. வேலிக்குள் காய்ந்த புல். புல்லைத் தேடும் ஆடுகள். மழை பெய்து எத்தனை மாதமோ, மண் செங்கல் பொடி மாதிரி பறந்தது.

கல்யாணம் நடக்கும் சமுதாயக் கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை. சாக்பீஸில் இப்படி எழுதியிருந்தது:

'ஹோஸ் பைப் போடக் கூடாது. மீறினால் அந்த லைன் அன்றைக்கு முழுவதும் அடைக்கப்படும். கல்யாணம், காதுகுத்து எதற்கும் விலக்கு இல்லை. - ஊர்க் கூட்டம்.'

படித்துவிட்டு நானும் மனைவியும் சிரித்தோம். காதுகுத்துக்குக்கூடவா! சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த கோயமுத்தூர்த் திமிர்தான், வேறென்ன?

பெண்ணின் அப்பா நாச்சிமுத்து காபி கொடுத்துக்கொண்டே விளக்கினார். ஊருக்கு ஒரே போர்வெல். ஒரு மணி நேரம் ஓடினால் சேறு வர ஆரம்பித்துவிடும். மேல்நிலைத் தொட்டி நிறைய மூன்று நாள் ஆகிறது. அதனால் ஊர் கூடிச் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"சட்டமெல்லாம் செரிங்க. யாரு பாத்துக்கறது?" என்று கேட்டேன்.

"எங்க வார்டு மெம்பருங்க. மாராத்தாள்னு பேரு" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நம்ம வெங்காயக் காட்டுலதானுங்க வேலைக்கு வருது" என்றார்.

அடுத்த அரை மணி நேரத்தில் அந்த மாராத்தாளைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

சரஸ்வதி அக்காவின் அண்ணன் தங்கவேல். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இரும்பு வார்க்கும் பவுண்டரி வைத்து பம்ப்செட் தயாரிப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று அலங்கரித்த அவருடைய வெள்ளைக் கார், வந்த வழியில் செம்மண் அப்பிச் சிவப்புக் காராகியிருந்தது. டிரைவர் எங்கிருந்தோ ஒரு ஹோஸைத் தேடிப்பிடித்து, கூடத்துப் பின்பக்கக் குழாயில் மாட்டிப் பீய்ச்ச ஆரம்பித்தார்.

மெலிந்த ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயதிருக்கும். நூல் சேலை, முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். கையில் வால்வைத் திருகும் நீளமான இரும்புக் கம்பி.

"ஏனுங்ணா, வாசல்ல போர்டு இருக்குதுங்க. பாக்கலீங்களா? பக்கெட்டுல மோந்து தொடச்சுக்கங்க" என்றார். டிரைவர் ஹோஸைக் கழற்றிவிட்டார். அந்த அம்மாவும் போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருக்கும். தங்கவேல் பார்த்துவிட்டார். "தாய்மாமன் காரு. சேத்தோடவா நிக்கோணும்? நீ அடிய்யா, நான் பாத்துக்கறேன்!"

மறுபடியும் ஹோஸ். மறுபடியும் மாராத்தாள். இந்த முறை நேராகத் தெருவோரக் குழிக்குப் போனார். கம்பியை உள்ளே விட்டுத் திருகினார். ஹோஸ் இருமியது... நின்றது. கூடவே சமையல் கட்டுக் குழாயும் நின்றது.

"அய்யய்யோ, அரிசி இன்னும் களையலீங்க!" - சமையல்காரரின் குரல் மணவறை வரை கேட்டது.

அப்புறம் என்ன? கூட்டம் கூடியது. தங்கவேலுக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு இந்தப் பொம்பளை? நாங்க சீரு கொண்டாந்திருக்கோம்... எங்களுக்குத் தண்ணி இல்லைங்குதா?"

மாராத்தாள் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு இல்லைன்னு சொல்லலீங்க. குடிக்கத் தனியா ரெண்டு டிரம்மு வெச்சிருக்குதுங்க. ஹோஸ் போட்டா லைனை அடைக்கோணும்னு ஊரே சேந்து சொன்னதுங்க. அடைச்சுப்போட்டேன்."

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தோம். மகள் மணக்கோலத்தில் உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நிற்பவர் சம்பந்தி வீட்டுப் பெரிய மனிதர். தடுப்பதோ நாச்சிமுத்துவின் காட்டில் களையெடுக்கும் பெண். 'தெறந்து உடு மாராத்தா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைப்பீர்கள்?

அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோணுங்க. அந்தச் சட்டத்துல மொதக் கையெழுத்து என்னுதுங்க. எம்பட ஊட்டுக் கொழாயவே மாராத்தா ஒருக்கா அடைச்சிருக்குது. எம்புள்ள கல்யாணம்னு இன்னிக்கித் தெறக்கச் சொன்னா, நாளைக்கி எந்த மூஞ்சியோட கூட்டத்துக்குப் போவேனுங்க?"

"அப்படியா? பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கப்பா!" என்றார் தங்கவேல்.

பாதிப் பேர் ஏறிவிட்டோம். ஏன் ஏறினேன் என்று இன்றைக்கு வரை எனக்கே தெரியாது. எல்லோரும் ஏறினார்கள், ஏறினேன். மனைவி கீழேயே நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதைப் பற்றி இங்கே விவரிக்க வேண்டாம்.

அப்போதுதான் சரஸ்வதி அக்கா வெளியே வந்தார். மாப்பிள்ளையின் அம்மா. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. நாலு பேர் முன்னால் அவர் அதிர்ந்து பேசி நான் கேட்டதே கிடையாது.

"ஏனுங்கண்ணா, காரு நம்முளுது. ஹோஸ் புடிச்சது நம்மாளு. அவங்க என்ன தப்புப் பண்ணிப்போட்டாங்க?"

தங்கவேல் பாதி கழுவிய காரைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா மாராத்தாளிடம் திரும்பினார். "அம்மணி, பக்கத்துல கெணறு இருக்குதா?"

"கோயலுக்குப் பின்னால கயித்துல எறைக்கற சேந்துகெணறு இருக்குதுங்க. அதுல எத்தன கொடம் வேணும்னாலும் சேந்திக்கலாமுங்க. சட்டம் கொழாய்க்குத்தானுங்க."

அக்கா சமையல் கட்டிலிருந்து ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அவ்வளவுதான்!

அடுத்து என் மனைவி. அதற்கடுத்து மாப்பிள்ளையின் தங்கைகள். பஸ் மெதுவாகக் காலியானது. கிணற்றிலிருந்து சமையல் கட்டு வரை வரிசையாக நின்று குடம் குடமாகக் கைமாற்றினோம். பேங்க் மேனேஜர், காலேஜ் புரொபசர், இடுப்பில் பேஜர் செருகிய பருத்தி நூல் வியாபாரி... எல்லோர் வேட்டியும் நனைந்தது. பெண் வீட்டாரும் ஓடி வந்து வரிசையில் நின்றார்கள். கிணற்றடியில் கயிறு பிடித்தது யார் என்கிறீர்கள்? மாராத்தாள்! "மூடுனது நானுங்க. சேந்தறதுக்கு நாந்தானே வரோணும்?" என்றார்.

அரிசி வெந்தது. முகூர்த்தம் தவறவில்லை. தாய்மாமன் மட்டும் சடங்கு முடியும் வரை முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் அவர் கிணற்றடிக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தொழில் புத்தி விடுமா? "நான் ஒரு மோட்டார் அனுப்பறேன். சும்மாவே மாட்டிக்குங்க" என்றார். சமாதானக் கொடி!

"இருந்துச்சுங்க. நாங்கதான் கழட்டிப்போட்டோம்" என்றார் மாராத்தாள். "மோட்டார் போட்டா நாலு நாள்ல கெணறு காலிங்க. கையில சேந்துனா, கை வலிக்கறப்ப நிறுத்திப்போடுவாங்க."

தங்கவேல் அந்த அம்மாவை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "அப்ப என்னதாம்மா வேணும்?"

"கைய எடுத்தாத் தானா மூடிக்கிற கொழா இருந்தாக் குடுங்க. தெருக் கொழாய்க்கு ராத்திரி பகலா காவல் நிக்க முடியறதில்லீங்க."

கிளம்பும்போது நான் மாராத்தாளிடம் மெதுவாகக் கேட்டேன். நாச்சிமுத்து இனிமேல் காட்டு வேலைக்குக் கூப்பிடுவாரா?

"வெங்காயத்துல களை மொளச்சா கூப்புட்டுத்தானுங்க ஆகோணும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா, வால்வைத் திருகறப்போ பயமாத்தானுங்க இருந்துச்சு. நல்ல காரியம் நடக்கற எடம். என்னால நின்னு போயிருமோன்னு... ஆனா, இதை உட்டுட்டா பொறவு எதையும் அடைக்க முடியாதுங்களே."

பயந்துகொண்டேதான் திருகியிருக்கிறார். சட்டம் போடுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒரு சாக்பீஸ் போதும். அதைச் செய்து காட்ட மாராத்தாள் மாதிரி ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை விட்டுக்கொடுக்காத நாச்சிமுத்து மாதிரி இன்னோர் ஆளும் வேண்டும். இரண்டு பேரும் ஒரே ஊரில் கிடைப்பது - அது அந்த ஊர் செய்த புண்ணியம்.

போன வாரம் தங்கவேல் தெருவில் என்னைப் பார்த்து என் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார். பவுண்டரியில் ஸ்பிரிங் வைத்து ஒரு குழாய் செய்து, அவரே அந்த ஊருக்கு எடுத்துப் போனாராம். மாராத்தாள் அமுக்கிப் பார்த்துவிட்டு, 'வயசானவங்க கைக்கு இது ஆகாதுங்க' என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இப்போது லேசான ஸ்பிரிங் தேடிக்கொண்டிருக்கிறார். "எம்பட சரக்கை வேண்டாம்னு சொன்ன மொத ஆளுங்க அந்தம்மா!" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எங்கள் தெருமுனைக் குழாய் ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாசரும் ஸ்பேனருமாகப் போய் உட்கார்ந்தேன். சட்டையெல்லாம் நனைந்து, ஒரு வழியாக ஒழுக்கு நின்றது. பேப்பர் வாங்கப் போன எதிர்வீட்டுக்காரர் நின்று ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இதெல்லாம் எப்ப இருந்துங்க?"

"ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுல இருந்துங்க!"