வலது காலில் வளையம் போட்டவர்

திண்டிவனத்தில் பேருந்து ஏறியதும், டிக்கெட்டைக் கிழிக்கும் முன்பே நடத்துனர் சொன்னார்: "சார், வெடிக்கார தனபாலு நேத்து போய்ட்டாருங்க." கூட்டேரிப்பட்டு வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்தும் நான், அவரோடு ஏழு குளிர்காலம் பறவைகளுக்கு வளையம் போட்டவன். அந்தக் குவாரிக் குழியில் நம்மோடு வலை கட்டிய எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைத்தவர் தனபால். குவாரியை மூடியதும் குழியில் தண்ணீர் தேங்கியது, கரையில் கருவேலம் மண்டியது, பறவைகள் வந்தன, பின்னாலேயே நாமும் போனோம். எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவோம், மறுபடி பிடிபட்டால் அது போய்வந்த வழி தெரியும் என்று தனபாலுக்கு விளக்கினேன். "நம்பரு போட்டு வுட்டுட்டா, யாருங்க திருப்பிக் கொண்டாந்து குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, அன்றே வலைக்கம்பைத் தூக்கிக்கொண்டார். கல் உடைத்த கையாயிற்றே என்று பயந்தேன். அந்தக் கையில் ஒரு பறவையும் நோகவில்லை.

இடது காலில் போடுவது நம் வழக்கம். ஒருநாள் நான் வலை கட்டப் போயிருந்தபோது, அவர் அன்று பிடிபட்ட பதினோரு குருவிகளுக்கும் வலது காலில் போட்டுவிட்டார். கத்தினேன். அவர் அசையவில்லை. "புதுசா பேர் எழுதிக்கினு போவுதுங்க. எடது கால்ல போட்டா வெளங்குமா?"

அடுத்த கார்த்திகையில் ஒரு வாலாட்டிக் குருவி வலையில் விழுந்தது. வலது காலில் வளையம். அந்த இனம் கோடைக்கு இமயமலைக்கு அந்தப் பக்கம் போகும்; போய், அதே குழிக்குத் திரும்பியிருந்தது. "அதுவே கொண்டாந்து குடுத்துட்டுது பாருங்க" என்று சிரித்தார். நான் அழுதுவிட்டேன்.

அந்த மாதமே குவாரியைத் திரும்பத் திறக்கக் கேட்டு ஒரு ஒப்பந்ததாரர் மனு போட்டார். தனபாலுக்குப் பழைய வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார். அப்போது அவருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் கூலிதான், அதுவும் கிடைத்த நாளில்தான். பார்வையிட வந்த அதிகாரி அவரையே கேட்டார்: "உள்ள இன்னும் நல்ல கல்லு இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நாமும் வாய் மூடி இருந்திருப்போம்.

"இருக்குதுங்க. பத்து வருசத்துக்கு வரும். தொறந்தா மொத வேலை எனக்குத்தாங்க. ஆனா வேணாங்க."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். தனபால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்குப் போனார்.

மனு தள்ளுபடியானது. இப்போது அந்தக் குழியைப் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப் போகிறார்கள். பலகை நடுவதைப் பார்க்க அவர் இல்லை. எனக்கு நட்டம் என்று தெரிந்தே ஒன்றை வேண்டாம் என்று சொல்லும் நிலை இதுவரை எனக்கு வந்ததில்லை. வரும் நாளில் சொல்வதற்கு, அவருடைய அந்த 'வேணாங்க'வை வைத்திருக்கிறேன்.