கரண்டிக்கு முளைச்ச பஞ்சு

எம் மருமவ ஒரு சிலிக்கான் கரண்டி வாங்கியாந்தாளுங்க. ரப்பராட்டம் வளையும், ஆனா சூட்டுக்கு உருகாது. மாவுச் சட்டிய வழிச்சா ஒரு பொட்டு மிச்சமிருக்காது. எனக்கு அதுமேல அத்தனை ஆசை. கழுவி, பனியன் கம்பெனி வேஸ்ட்டுத் துணியில அழுத்தித் தொடைச்சேன். எங்கூட்டுல அடுப்பு மேடையிலிருந்து சன்னல் வரைக்கும் அதுலதானுங்க தொடைக்கிறது. பாத்தா கரண்டி முழுக்கப் பஞ்சு. தொடைக்கத் தொடைக்க இன்னும் ஒட்டுது. புதுசக் கெடுத்துப்போட்டமேன்னு முந்தானைக்குள்ள ஒளிச்சேன். அவ பாத்துட்டா.

"ஏனுங்கத்தை, கரண்டிக்கு ஸ்வெட்டர் போட்டு உட்டீங்களா?"

"குளுருதுன்னுச்சு கண்ணு"ன்னேன்.

சிரிச்சுட்டே சோப்புத் தண்ணியில அலசுனா, பஞ்சு போயிருச்சு. "இதத் தொடைக்காதீங்க, அப்படியே காயட்டும்"னு ஆணியில மாட்டுனா. இப்ப அங்கதான் தொங்குதுங்க. போறப்ப வாறப்ப ஒருக்கா தொட்டுப் பாத்துக்குவேன்.