பிலோமினா அக்காவின் அலுமாரிக்குள் போன என் மடல்கள்

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று செய்தி வந்தபோது நான் கண்டிச் சந்தையில் அன்னாசிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பேரத்தில் என்னை வென்றவர் வத்தேகம வரைக்கும் கிடையாது. அன்றைக்கு அன்னாசியை அப்படியே வைத்துவிட்டேன். போனில் நான் முதலில் கேட்டது, "அலுமாரிச் சாவி யாருகிட்ட?" என்பதுதான். கோபிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் ஊர் மஹய்யாவ மக்களுக்கு அக்காவைத் தெரியும். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு மாதா கோயில் மேசையில் விற்பதற்காக நாங்கள் இருவரும் கையாலேயே வாழ்த்து மடல் செய்தோம். நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். ஆனாலும் என் மடிப்பைப் பார்க்கக் கம்பளையிலிருந்து ரயிலேறி வந்தார்கள். இரண்டு பெட்டி நிறைய என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

அக்கா நம்பவில்லை. தடித்த தாளை எடுத்ததும் மடிக்க மாட்டார். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்ப்பார். "தாளுக்கும் ஒரு ஓட்டம் இருக்கு தம்பி. அது விடுற பக்கமா மடிங்க. எதிர்ப்பக்கம் மடிச்சா முதுகு வெடிச்சிரும்" என்பார். பிறகு மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்தி, அதன்மேல் மடிப்பார்.

"இதெல்லாம் கை பழகாதவங்களுக்கு அக்கா" என்று நான் ஒரே மூச்சில் நாற்பது மடித்துத் தள்ளுவேன்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு மேசையைப் பார்த்தால் எல்லாம் அவருடைய மடல். என்னுடையது ஒன்றுகூட இருக்காது.

"என்னோட வாழ்த்துக் காட் எங்க அக்கா?"

"போயிருச்சு."

"வித்துருச்சா?"

"போயிருச்சுன்னுதானே சொன்னேன். டீ ஆறுது, குடிங்க."

அப்போது அவர் சிரிக்கும் சிரிப்பை நான் நம்பவே இல்லை. அடுப்பில் போட்டாரா? கோயில் குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறினேன். வாழைப்பழத் தோல்தான் கிடந்தது. ஒருமுறை என் மடல்களை அவர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியதைக் கண்ணால் கண்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே போவார். என்னிடம் எதையோ மறைக்கிறார் என்பது உறுதியாயிற்று.

செத்த வீட்டில் அக்காவின் தங்கச்சி மகள்தான் அலுமாரியைத் திறந்தாள். தாள், பசை, தபால் முத்திரை. என் மடல் ஒன்றும் இல்லை. நான் எட்டிப் பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள்.

"சவரி அங்கிள் நீங்கதானா? நத்தாருக்கு எங்க சொந்தக்காரங்க எல்லாருக்கும் பெரியம்மா நீங்க செஞ்ச வாழ்த்துக் காட்டைத்தானே அனுப்புவாங்க!"

சவப்பெட்டிக்குள் வைக்கவென்று கொண்டுவந்திருந்த ஒன்றை நீட்டினாள். என் மடிப்புதான். முதுகு வெடித்த இடத்தை மறைத்து, அளவாக வெட்டிய சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே, வாழ்த்துக்குக் கீழே அக்காவின் கையெழுத்து: "மேசையில் வைத்தால் யாராவது சிரிப்பார்கள். தம்பி தாங்கமாட்டார். நீங்கள் பத்திரமாக வைத்திருங்கள்."

என் மடல் இத்தனை ஊருக்குப் போயிருக்கிறதே என்று முதலில் பெருமைதான் வந்தது. அப்புறம் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன்.

மை தீர்ந்த அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்கா போன முப்பத்தோராம் நாள் பூசைக்காக இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்த நினைவு மடலை அந்தப் பேனாவாலேயே கோடு போட்டு நான்தான் மடித்தேன். ஒவ்வொரு தாளையும் வளைத்துப் பார்த்துத்தான் மடித்தேன். சந்தேகமென்றால் முதுகைத் தடவிப் பாருங்கள். ஒன்றிரண்டில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தால், ஒன்றும் கேட்காமல் டீயைக் குடியுங்கள்.