ஆள் இல்லாத படங்கள்

போன வாரம் அந்தோணியின் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, அப்பா படம் எதுனா உங்ககிட்ட இருக்குதா? பழைய வூட்டாண்ட எடுத்ததா இருந்தா நல்லது. முப்பதாம் நாள் பூசைக்குள்ள பிரேம் போடணும்."

பீரோவைக் குடைந்து கேமரா பையை எடுத்தேன். திறந்ததும் கருவாட்டு வாசனை. பத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் போகவில்லை. அந்தோணியின் கைங்கரியம் அது.

நெய்வேலிச் சுரங்கத்தில் நாங்கள் இருவரும் கான்ட்ராக்ட், ஒரே ஷிப்ட். எனக்கு அப்போது போட்டோ பைத்தியம். என் படங்களில் மனிதர்கள் வரக்கூடாது என்று ஒரு கொள்கை வேறு. யார் வகுத்தது என்று கேட்காதீர்கள், நானேதான்.

இடிபாடும் கடலும் சேர்ந்து கிடைக்குமே என்று தனுஷ்கோடிக்குக் கிளம்பினேன். அந்தோணி துணைக்கு வந்தான். அன்றைக்குத் தார்ச்சாலை கிடையாது. வேன் மணலில் குலுங்கி எங்கள் தலைகளைக் கூரையில் இடித்துக்கொண்டே போனது. புயலில் சிதைந்த சர்ச்சைப் பார்த்ததும் நான் கேமராவை எடுத்தேன். அவன் வாசலை மேலும் கீழும் தடவிப் பார்த்தான்.

"வாசக்கால எடுத்துக்கினு பூட்டாங்க. எந்த மனைக்குப் போனாங்களோ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெய்வேலியை ஒட்டிய கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் கதவையும் நிலையையும் பெயர்த்துப் புது மனைக்குக் கொண்டுபோவார்கள். இடிந்த வீடு என்றால் அவனுக்கு அதுதான்.

"கடல் அடிச்சிக்கினு போச்சிடா" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "நோட்டீஸ் குடுத்துட்டு வந்திருக்காது."

அன்று முழுக்க நான் சொன்னது ஒன்றுதான்: "டேய், தள்ளு, பிரேமுல வர்ற." கடலோரம் நின்றாலும் தள்ளு, சுவரோரம் உட்கார்ந்தாலும் தள்ளு. தள்ளித் தள்ளிக் கடைசியில் கருவாட்டுக் கடைக்கே போய்விட்டான். வாங்கியதை என் கேமரா பையில்தான் திணித்தான்.

திரும்பும்போது கேட்டான்: "எங்க வூட்டுக்கும் நோட்டீஸ் வந்துட்சி. வாசல்ல எங்கள நிக்க வெச்சி ஒண்ணு எடுத்துக் குடேன்."

எடுத்துடலாம் என்றேன். அடுத்த வாரம் வெயில் கூடுதல் என்றேன். அதற்கடுத்த வாரம் வானம் வெறுமையாக இருக்கிறது, மேகம் வரட்டும் என்றேன். மேகம் வந்த அன்று போனால், சுவர்கள் மட்டும் நின்றன. அந்தோணி வாசக்காலை மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இப்ப எடுடா, உனக்குப் புடிச்ச மாதிரி கீது" என்றான். கேலியா, உண்மையாகச் சொன்னானா, தெரியவில்லை. வெட்கத்தில் நான் பையைத் திறக்கவேயில்லை.

மெமரி கார்டை முழுக்கப் பார்த்துவிட்டேன். யார் யார் வீட்டுச் சுவரோ இருக்கிறது. அந்தோணி வீடு இல்லை. அது நின்ற தரையே இன்று சுரங்கப் பள்ளம். அந்தோணியும் இல்லை. ஒரே ஒரு படத்தில், சர்ச் வாசலருகே மணலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. கூரை இல்லாவிட்டாலும் கோயில்தானே என்று கழற்றியிருப்பான். படத்தைக் கெடுக்கிறது, அழிக்க வேண்டும் என்று நினைத்துச் சோம்பலில் விட்டிருக்கிறேன்.

அதைத்தான் மகளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"அப்பாதுதான் சித்தப்பா. வாருல ஊக்கு குத்தினது கூடத் தெரியுது. அப்பா எங்க நிக்கிறாரு?"

எழுதுகிறேன், அழிக்கிறேன். நான்தானம்மா அவனைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.