லேமினேஷன் போட்ட டிடி

எங்கள் வீட்டில் நனையாத காகிதம் என்று ஒன்று இருந்ததில்லை. கட்டுமாவடியில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவன் நான். கை எப்போதும் ஈரம். ரூபாய் நோட்டு ஈரம், சட்டைப் பை ஈரம், கரண்ட் பில் ஈரம். அந்தப் பெரிய புயலில் ஓடு பறந்து, ரேஷன் கார்டும் மகளின் பிறப்புச் சான்றிதழும் வீட்டுக்குள் நின்ற தண்ணீரில் மிதந்ததைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. காகிதம் என்று எது வீட்டுக்கு வந்தாலும் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டுவிடுவேன். பட்டா, ஆதார், மகளின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எங்கள் கல்யாணப் பத்திரிகை எல்லாம் கண்ணாடி மாதிரி மினுமினுக்கும்.

"என்னையவும் ஒரு லேமினேஷன் போட்டு வச்சுருங்க, கெட்டுப்போகாம இருப்பேன்" என்பாள் மனைவி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அப்பாவுக்குப் படகில் கால் நசுங்கியது. நான் கூடை தூக்கினேன். அவ்வளவுதான் கதை. ஆனால் டி.சி. வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை. ஏன் நின்றாய் என்று வாத்தியார் கேட்டுவிடுவாரோ என்று பயம். அடுத்த மாதம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். வருஷம் ஏற ஏறப் பயமும் ஏறியது. என் டி.சி. இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்து பீரோவில்தான் எங்கேயாவது கிடக்கும். அதிலிருந்து கவுண்டர் என்று ஒன்றைக் கண்டாலே வரிசையின் கடைசிக்குப் போய்விடுவேன். பேங்கில் சலான் எழுத வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லிக் கொடுப்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

மகள் பிளஸ் டூ முடித்ததும் லேப் டெக்னாலஜிதான் படிப்பேன் என்றாள். அரசுக் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. சித்தன்னவாசலுக்குப் போகிற பஸ்ஸில் போனால் வழியில் ஒரு சின்னத் தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது என்று அவளுடைய டீச்சர் சொன்னார்கள். பல்கலைக்கழகம் என்றதும் நான் கோட்டை மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டு போனேன். மூன்று கட்டடம். அதில் ஒன்றுக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. முன்னால் புதிதாக நட்ட வேப்பங்கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் ஆட்டுக்குப் பயந்து முள் வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்த முள்ளைப் பார்த்ததும்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நம்ம ஊர் ஆட்கள்தான் இங்கேயும் இருக்கிறார்கள்.

அட்மிஷன் கவுண்டரில் ஓர் அம்மா இருந்தார்கள். மூக்குக் கண்ணாடி, மேஜையில் ஒரு டிபன் டப்பா, பக்கத்தில் மல்லிகைச் சரம் சுற்றிய தண்ணீர் பாட்டில். ஒரு தாளைக் கொடுத்து, நான் வாசிக்கத் திணறுவேன் என்று தெரிந்தோ என்னவோ, அவர்களே வாசித்தார்கள். பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல் இரண்டும் இருக்க வேண்டும், பாதிக்கு மேல் மார்க் இருக்க வேண்டும். டி.சி., நடத்தைச் சான்று, சாதிச் சான்று, ஆறு போட்டோ. வருஷத்துக்கு டியூஷன் ஃபீஸ் அறுபத்தைந்தாயிரம், டிடியாக. பஸ்ஸுக்குத் தனி, பரீட்சைக்குத் தனி, வெள்ளைக் கோட்டுக்குத் தனி.

"எங்க குடும்பத்துல இதுதாங்க மொதல் பட்டதாரி. அதுக்குக் கொறைப்பாங்கன்னு சொன்னாங்களே?"

"அது கவுன்சிலிங்ல வந்து சேர்றவங்களுக்குங்கய்யா. இங்கிட்டு நேரா வர்றவங்களுக்குக் கெடையாது."

"காஷன் டெபாசிட்னு ஒன்னு வாசிச்சீங்களே, அது என்னங்க?"

"ஒங்க பொண்ணு லேப்ல எதையும் ஒடைக்காம இருந்தா கடைசில திருப்பிக் குடுத்துருவோம்."

"ஒடைச்சா?"

"ஒடைச்சதுக்குக் கழிச்சுக்குவோம்."

திரும்பி வரும்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மகளிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "கண்ணாடிச் சாமான்த்தா, பாத்துத் தொடணும். ஈரக் கையோட எடுக்காத." அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, "இன்னும் சேரவே இல்லப்பா, அதுக்குள்ள ஒடைக்கச் சொல்றீங்க" என்றாள்.

ஆனால் அன்று நடந்த ஒரு காரியம்தான் பின்னால் வினையானது. எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் நீட்டிய மார்க் ஷீட் மழையில் நனைந்து மை பரவியிருந்தது. அவரைக் கடிந்துகொண்ட அந்த அம்மா, என் மகளின் லேமினேஷன் போட்ட மார்க் ஷீட்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "பாருங்க, இப்புடி வச்சுக்கணும் பத்திரமா" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓர் ஆபீஸில் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கெல்லாம் அது என் காதுக்குள்ளேயே இருந்தது.

ஃபீஸ் கட்டுவதற்கு ஒரு கடைசித் தேதி சொல்லியிருந்தார்கள். மாலை நாலு மணிக்குள் கட்டாவிட்டால் இடம் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிற அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். மனைவியின் செயினை அடகு வைத்து, ஏலச் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, கடைசித் தேதிக்கு முதல்நாள்தான் என்னால் பேங்கில் டிடி எடுக்க முடிந்தது. வெளியே வந்தால் வானம் கறுத்துக்கொண்டு நிற்கிறது. அறுபத்தைந்தாயிரம் ரூபாய் ஒரே ஒரு காகிதத்தில். என் கையோ ஈரக் கை. நேரே லேமினேஷன் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, டிடி மாதிரி இருக்கே? இதுக்கு யாரும் போடமாட்டாங்களே."

"யாரும் போடாட்டி என்ன? இதுதான் முக்கியமானதே. நல்லா கனமான கவரா போடுங்க."

"ஒங்க இஷ்டம்" என்று அவர் மெஷினுக்குள் விட்டார். சூடாக வெளியே வந்ததைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் மழை. நான் கவலைப்படாமல் நனைந்து வீட்டுக்குப் போனது அந்த ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் ஏலத்துக்குப் போகவில்லை. மீன் எடுக்கிற முதல் பணத்தை மட்டும் வழக்கம்போல இடுப்பில் கட்டிக்கொண்டேன். அது இல்லாமல் வெளியே போனால் எனக்கு நடை தள்ளாடும். மஞ்சள் பையை மடியிலேயே வைத்திருந்தேன். மகள் இரண்டு தடவை கேட்டாள்: "டிடிய ஒருக்கா காட்டுங்கப்பா, பேரு சரியா இருக்கான்னு பாக்குறேன்." பஸ்ஸில் எடுக்கக் கூடாது, காற்றில் போய்விடும் என்று கொடுக்கவில்லை. பல்கலைக்கழகம் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. வேப்பங்கன்று ஓரம் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். என் தட்டிலிருந்த அப்பளத்தைக் கேட்காமலே எடுத்துத் தின்றாள். இப்போது நினைத்தால் அந்த அரை மணி நேரம்தான் எனக்குத் திரும்ப வேண்டும் போலிருக்கிறது.

கவுண்டரில் அதே அம்மா. நான் பையைத் திறந்து பெருமையாக நீட்டினேன். அவர்கள் வாங்கிய கை அப்படியே நின்றது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார்கள்.

"என்னங்கய்யா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பத்திரமா வச்சிருக்கேங்க."

உள்ளே இருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சொவத்துல மாட்டலாம். பேங்க்ல போட முடியாது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "ஐயா, டிடிக்குப் பின்னாடி சீல் வைக்கணும், மெஷின்ல விடணும். இதை எந்த பேங்க்லயும் எடுக்கமாட்டாங்க. குடுத்த பேங்க்லயே திருப்பிக் குடுத்து, கேன்சல் பண்ணி, புதுசு வாங்கணும். நாலஞ்சு நாளாகும்."

"நாலு மணிக்குள்ள..."

"அதான்."

"நீங்கதானம்மா அன்னைக்கு லேமினேஷன் போட்டு வச்சுக்கணும்னு சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் மார்க் ஷீட்டச் சொன்னேங்கய்யா" என்றார்கள் மெதுவாக.

மகள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள், "மேடம், டைம் கேட்டு லெட்டர் குடுத்தா வாங்குவாங்களா?" என்று கேட்டாள். பதிவாளரிடம் கொடுத்துப் பாருங்கள் என்று அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளும் தந்தார்கள். மகள் சுவரோரம் நின்று, ஃபைலை அடியில் வைத்து எழுதினாள். நான் அவள் தோளுக்கு மேலாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'நான் அறியாமல் டிடியை லேமினேஷன் செய்துவிட்டேன். பத்து நாள் அவகாசம் தந்து என் இடத்தைக் காப்பாற்றித் தர வேண்டுகிறேன்.'

"நீ எங்கத்தா செஞ்ச? நான்தானத்தா செஞ்சேன்."

"சும்மா இருங்கப்பா. சின்னப்பிள்ள தெரியாம செஞ்சுருச்சுன்னா விட்டுருவாங்க. ஒங்களச் சொன்னா அதுக்கும் சிரிப்பாங்க."

பதிவாளர் அறையில் ஏ.சி. என் சட்டை ஈரம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் கடிதத்தைப் படித்தார், டிடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு, பிளஸ் டூல இவ்வளவு மார்க். இதுகூடத் தெரியாதாம்மா? லேப்ல ஒன்ன நம்பி எப்படிம்மா ரத்தத்தக் குடுக்குறது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கவுண்டர் பயம், ஆபீஸ் பயம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "சார், அதுக்கு ஒன்னும் தெரியாது. நான்தாங்க செஞ்சேன். நான் எட்டாவதுதான். மீன் விக்கிறவன், கையில ஈரம் காயாது. நனைஞ்சுருமேன்னு பயந்து போட்டேன். பிள்ளைக்கு இப்பத்தான் தெரியும். அது பொய்யா எழுதியிருக்கு, என்னையக் காப்பாத்த." எட்டாவது என்று நான் ஓர் ஆபீஸில் சத்தமாகச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு, "இன்னைக்கு ஏதாவது ஒரு ரசீது போட்டாத்தான் என்னால சீட்ட நிறுத்தி வைக்க முடியும். காஷன் டெபாசிட்டக் கட்டிட்டுப் போங்க. மத்தது பத்து நாள்ல வரணும்" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்.

காஷன் டெபாசிட் ஐயாயிரம். இடுப்பிலிருந்து முதல் பணத்தை அவிழ்த்து எண்ணினேன். ஈர நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஊளி மீன் வாடை கவுண்டரெல்லாம் பரவியது. மகளின் காது சிவந்துவிட்டது. அந்த அம்மா நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜையில் பரப்பி, பறக்காமல் இருக்க டிபன் டப்பா மூடியை மேலே வைத்தார்கள்.

"காயட்டும்" என்றார்கள். "எங்க வீட்டுல ஞாயித்துக்கெழமைன்னா இதே வாசந்தான். அடுத்த தடவ டிடி கொண்டாறப்ப ஒரு கிலோ எறாவும் கொண்டாங்க, காசு தந்துர்றேன்."

ரசீது கைக்கு வந்தபோது மணி மூன்றரை. மகள் அதை என்னிடம் தரவில்லை. தன் ஃபைலுக்குள் வைத்து, ஃபைலைப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பேங்கில் ஓரத்தை வெட்டிப் பார்த்து, இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கி, ஐந்தாவது நாள் புது டிடி தந்தார்கள். மகள் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் இறாலை மட்டும் கொண்டுபோனேன்.

படிப்பும் பயிற்சியும் முடிந்து இப்போது தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறாள். காஷன் டெபாசிட் திரும்பி வந்தது; ஒரு கண்ணாடிக் குடுவைக்குக் கழித்திருந்தார்கள். ஈரக் கையா என்று கேட்டதற்கு அவள் என் தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டாள்.

போன மாதம் பட்டச் சான்றிதழைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா, இதுக்கு மட்டும் போட்டுறாதீங்க. வெளிநாட்டு வேலைக்குப் போனா இதுக்குப் பின்னாடி சீல் வைக்கணும்" என்றாள். வெளிநாடு என்கிறாளே. அது வேறு கவலை.

லேமினேஷன் போடாமல் வீட்டில் இருக்கிற காகிதம் அது ஒன்றுதான். முதலில் பீரோவில் வைத்தேன். பீரோவுக்கு மேலே ஓடு ஒழுகும் என்று அரிசி டின்னுக்கு மாற்றினேன். அரிசியில் வண்டு வந்தால் என்ன செய்வது என்று மறுபடி பீரோவுக்கே கொண்டுபோனேன். நேற்று சாயங்காலம் மழை பிடித்ததும் வியாபாரத்தைப் பாதியில் விட்டு வந்துவிட்டேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவி, துண்டில் துடைத்து, ஃபேனுக்குக் கீழே நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இன்னும் காயலையா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"இரு. கொஞ்சம் போகட்டும்."

காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். மகளின் பெயரைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் இனிஷியலாக, புள்ளி வைத்து, என் பெயரின் முதல் எழுத்து நிற்கிறது. அதில் விரல் படாமல் பிடித்துக்கொண்டு மழை விடுகிறவரை நின்றேன்.