நமக்கு ஏன் கிடைக்கவில்லை

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு.

மாற்றுத்திறனாளிகளுக்கான பெரிய விளையாட்டுப் போட்டியை நடத்தும் வாய்ப்பு கோலாலம்பூருக்குக் கிடைக்கவில்லை என்று காலையில்தான் செய்தி வந்தது. பக்கத்து மேசை அண்ணன் அதைப் பற்றிப் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

“எல்லாம் பாலிட்டிக்ஸ் லா! ஸ்டேடியம் இருக்கு, எல்ஆர்டி ரயில் இருக்கு. வேற என்ன வேணுமாம்?”

வெளியே ஏதோ மோதிய சத்தம்.

வெள்ளைக் கோலுடன் வந்த பார்வையற்ற பெரியவர் ஒரு காரில் இடித்து விழுந்திருந்தார். பார்வையற்றோர் நடக்கவென்று பதித்த மஞ்சள் கல் பாதையின் மேல்தான் அந்தக் கார் நின்றது.

அண்ணன் ஓடினார். அவருடைய கார்.

பெரியவரின் முழங்காலில் ரத்தம். அண்ணன் குனிந்து பார்த்தது கார்க் கதவை. கீறல் விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவினார்.

“யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வரக்கூடாதா அங்கிள்? புது காரு.”

“சாரி பாஸ்.”

பெரியவர் தானாகவே எழுந்து, காரைத் தடவித் தடவிச் சுற்றி, சாலையில் இறங்கி நடந்தார். ஒரு லோரி ஹார்ன் அடித்தது.

அண்ணன் திரும்பி வந்து, போனில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “நம்மள எவனும் மதிக்கிறதில்ல பாஸ்.”

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். ரசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

சரி, இதைப் படிக்கும் நீங்கள் இன்று வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்?