நோட்டில் எழுதிய இருபத்துநாலு மணி நேரம்

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கோயிலில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். அம்மா என் தொடையில் ஒரு தட்டு தட்டுவாள். முப்பத்தைந்து வயதிலும் தட்டுகிறாள். இப்படிப்பட்டவன் போய்ச் சேர்ந்ததோ, தொடாமல் விட்டுவிட்டுக் காத்திருப்பதையே முக்கால்வாசி வேலையாகக் கொண்ட ஆராய்ச்சியில். தங்கத்தின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் படலம் வளர்ப்பது.

கண்ணாடி ஸ்லைடின் மேல் மெல்லிசாகத் தங்கம் பூசியிருக்கும். அதை ஆல்கஹாலில் கரைத்த ஒரு கரிமச் சேர்மத்தில் முக்கி, குப்பியை இறுக்கி மூடி, இருட்டில் வைக்க வேண்டும். அந்த மூலக்கூறின் ஒரு முனையில் கந்தகம். கந்தகம் தங்கத்தைக் கண்டால் பிடித்துக்கொண்டு விடாது. முதலில் வருபவை கிடைத்த இடத்தில் கோணல்மாணலாக விழுந்து கிடக்கும். கூட்டம் சேரச் சேர, திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி நெருக்கத்தில் எல்லாம் நிமிர்ந்து நிற்கும். இடையில் ஓட்டை இருக்கக் கூடாது. கடல் தண்ணீரில் கலந்திருக்கும் உலோகங்களை அளக்க ஒரு சின்னக் கருவி செய்துகொண்டிருந்தோம். ஓட்டை இருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அந்தச் சேர்மத்தின் நாற்றம் சட்டையோடு வீடுவரை வரும். கேஸ் கசிகிறதோ என்று அம்மா முதலில் சிலிண்டரைத் திருகிப் பார்ப்பாள், அப்புறம்தான் என்னைப் பார்ப்பாள்.

எங்கள் பேராசிரியர் வெளியூர்க்காரர். தங்கமான மனிதர், ஒரு விஷயத்தைத் தவிர. செய்யாத வேலையை முன்கூட்டி நோட்டில் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் எழுதி மாட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை பார்த்தால் இந்தப் பக்கமே வராதே என்றார். பட்டும் புத்தி வரவில்லை. காத்திருக்க முடியாதவன் நாளைய வரியை இன்றைக்கே எழுதிவிட்டுக் கிளம்பத்தான் பார்ப்பான்.

அந்த டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான்கு ஸ்லைடுகளை முக்கி வைத்தேன். கணக்குப்படி திங்கள்கிழமை பத்து மணிக்கு எடுக்க வேண்டும். வெளியே மழை பிடித்திருந்தது. போகிற போக்கில் மறுநாள் தேதியைப் போட்டு, 'இருபத்துநாலு மணி நேரம். எடுத்தேன், கழுவினேன், நைட்ரஜனில் உலர்த்தினேன்' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அந்த மழை என்ன செய்தது என்று எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் தண்ணீர் ஏறியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. எங்கள் கடற்கரை ஆட்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆற்றோர ஊர்களுக்கு மீட்கப் போனார்கள். நான் அம்மாவோடு பக்கத்து வீட்டு மாடியில் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமைதான் ஆய்வகத்துக்குப் போக முடிந்தது.

குப்பிகள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. எடுத்துக் கழுவி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சொட்டு பரவாமல் சேப்பங்கிழங்கு இலையில் விழுந்ததுபோல உருண்டு நின்றது. மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று செலுத்திப் பார்த்தேன். கசிவே இல்லாமல் திரையில் கோடு தட்டையாகப் போனது. ஓட்டையே இல்லாத படலம். அளவுகளைத் திங்கள்கிழமை வரிக்குக் கீழேயே எழுதினேன். விடுமுறைக்குப் போயிருந்த பேராசிரியர் தன் ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். இருபத்துநாலு மணி நேரத்திலா என்றார். ஆமாம் என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை. கட்டுரை வந்தது, எனக்குப் பட்டமும் வந்தது, அதே ஆய்வகத்தில் தற்காலிக வேலையும் கிடைத்தது. ஒரு நாளிலேயே படலம் வந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மிச்ச ஐந்து நாளில் என்ன பெரிதாக நடந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கந்தகத்துக்கு மறுமுனையில் எங்கள் மூலக்கூறுக்கு வால் பெரிது, அது நிமிர நேரம் ஆகலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அதற்கப்புறம்தான் அவள் புது ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். ஆழ்வார்திருநகரிப் பக்கம், ஆற்றோரத்து வயல்வேலைக் குடும்பம். என் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் படலத்தைத் திரும்பச் செய்து காட்டுவதுதான் அவளுடைய முதல் வேலை. வரவில்லை. ஆல்கஹாலை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். கடைசியில் தன் கையையே சந்தேகப்பட்டாள். உள்ளங்கை வேர்க்கிறது, அந்த உப்புதான் ஒட்டுகிறது என்றாள். எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது என்று தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினாள், பூ வைப்பதை நிறுத்தினாள். வறண்டுபோன அந்தத் தலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து எங்காவது போகத் தோன்றும். போவேன். ஒரு காலையில் நான்கு தடவை டீக்கடைக்குப் போனதுண்டு.

ஆறாவது மாதம், நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அந்தத் தேதியைக் கவனித்தாள். பேராசிரியருக்கு அது வெறும் தேதி. ஆற்றங்கரைக்காரிக்கு அப்படியில்லை.

"அண்ணே, அன்னைக்கு நாங்க மொட்டை மாடில நின்னோம். கழுத்தளவு தண்ணி. உங்க ஆளுங்க படகு வந்துதான் இறக்குனாங்க. அந்தத் தண்ணிக்குள்ளயா இங்கன வந்திய?"

சந்தேகப்பட்டுத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஆச்சரியப்பட்டாள். அப்படி வேலை செய்தால்தான் வரும், எனக்கு அந்த அக்கறை இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். நான் ஏதோ முனகிவிட்டு வெளியே போனேன். துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் திரும்பி வந்து சொல்லவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

எட்டாவது மாதக் கடைசியில் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, இந்த மாதமும் வராவிட்டால் ஆராய்ச்சி உனக்கு ஒத்துவராது, வேறு வழி பார் என்று தன்மையாகவே சொன்னார். ஓட்டப்பிடாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருப்பதாக அவள் என்னிடம் சொன்னாள். அழவில்லை. மிச்சமிருந்த இரண்டு ஸ்லைடுகளைக் குப்பியில் இறக்கி மூடினாள். நாளை காலை பத்து மணி என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டப் போனாள்.

"நாளைக்கு எடுக்காதே," என்றேன்.

ஏன் என்று கேட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முன்கூட்டி எழுதியது, மாடியில் இருந்தது, சனிக்கிழமை எடுத்தது, தெரிந்தே எட்டு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கு நீங்க வரவே இல்ல."

"இல்ல."

"எங்கப்பாகிட்ட உங்களப் பத்திப் பெருமையா சொல்லி வச்சிருக்கேன். இப்போ போயி என்னன்னு சொல்ல?"

அவள் என் பழைய நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள். பழைய வரியை அடிக்காமல், அதன் கீழே, அன்று நான் வரவில்லை, ஆறு நாள் கழித்துத்தான் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நானே பேராசிரியரிடம் கொண்டுபோனேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கட்டுரைக்குத் திருத்தம் எழுது என்றார், அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஆறு நாளும் நான் ஆளாக இல்லை. படலம் வராவிட்டால் நான் சொன்ன உண்மையும் வீணாகி, அவள் படிப்பும் போகும். அம்மாவே ஒருநாள், "ஏலே, செத்த நேரம் உக்காரேன்," என்று கெஞ்சினாள். குப்பி இருந்த அலமாரியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. அவள் அதைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருந்தாள்.

ஏழாம் நாள் காலை தலைக்கு எண்ணெய் தடவி, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள். அலமாரியைத் திறந்தாள், ஸ்லைடைக் கழுவினாள், உலர்த்தினாள். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்து மணியைப் பார்த்து எழுதினாள். நான் கதவோரம் நின்றேன். உள்ளே வரச் சொல்லவில்லை. சொட்டு உருண்டு நின்றது அங்கிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தத் தட்டையான கோடும் வந்தது.

அவள் நோட்டை மூடிவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"சரியா வந்திருச்சு, சார்," என்றாள்.

எட்டு மாதமாக அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.